பாடியில் ஒரு தரம், பூந்தமல்லியில் ஒரு தரம்

தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசை முதலில் வாங்கிய இந்தியத் தொழிற்சாலை எது என்று கேட்டால் பலருக்கும் புனேயோ ஜாம்ஷெட்பூரோதான் நினைவுக்கு வரும். பரிசு வந்தது சென்னையின் பாடிக்கு. 1998-ல், லாரிகளுக்கு ஏர் பிரேக் செய்துகொண்டிருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவுக்குக் கிடைத்தது அது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1990-ல், அதே பாடியில் போல்ட்டும் நட்டும் செய்துவந்த சுந்தரம் ஃபாசனர்ஸ் ஐஎஸ்ஓ 9000 சான்றிதழை வாங்கி நாட்டின் முன்னோடிகளில் ஒன்றாகியிருந்தது. 2004-ல் லூகாஸ் டிவிஎஸ்ஸுக்கும் டெமிங் கிடைத்தது.

அம்பத்தூர், ஆவடி வட்டாரத்துக்குத் தரம் பார்ப்பது புதிய வேலை அல்ல. 1950-களின் தொடக்கத்திலேயே அம்பத்தூரில் டிஐ சைக்கிள் ஓடத் தொடங்கியது. பிறகு டன்லப் வந்தது, 1964-ல் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ன் கடைசியில் முதல் விஜயந்தா டாங்கி வெளியேறியது. பேட்டையில் லேத் ஓட்டுபவருக்கு ‘ரிஜெக்‌ஷன்’ என்றால் என்னவென்று சம்பள நாளில் புரிந்துவிடும். பெரிய கம்பெனியின் ஆள் கேஜ் வைத்துப் பார்ப்பார். அளவு தப்பியிருந்தால் சரக்கு அப்படியே திரும்பி வரும். டாங்கித் தொழிற்சாலையில் இன்னும் கறார். அங்கே சோதித்துச் சான்று தருபவர்கள் தொழிற்சாலை நிர்வாகத்தின் கீழ் வேலை பார்ப்பவர்கள் அல்ல. பாதுகாப்பு அமைச்சகத்தின் தனித் தர ஆய்வு அமைப்பைச் சேர்ந்தவர்கள்.

பாடிக்கு டெமிங் வந்த அதே பத்தாண்டில்தான் அதற்கு மேற்கே வயலும் ஏரிக்கரையுமாக இருந்த நிலத்தில் இன்னொரு தொழில் முளைத்தது. 1988-ல் மதுரவாயலில் டாக்டர் எம்ஜிஆர் பொறியியல் கல்லூரி. 1990-ல் ஆவடி விமானப்படைத் தளத்துப் பக்கம் ஆலிம் முகமது சாலிகு கல்லூரி. 1995-ல் அம்பத்தூர் – செங்குன்றம் சாலையில் வேலம்மாள், திருநின்றவூரில் ஜெயா. 1997-ல் ஆவடியில் வேல்டெக், தண்டலத்தில் ராஜலட்சுமி. 1998-ல் பூந்தமல்லி – ஆவடி சாலையில் எஸ்.ஏ. கல்லூரி. 2000-ல் நசரத்பேட்டையில் பனிமலர். ஏன் இந்தத் திசை? நிலம் மலிவு, பெங்களூர் நெடுஞ்சாலை ஒரு பக்கம், அரக்கோணம் ரயில் பாதை மறுபக்கம். காலை ஏழரை மணிக்குக் கரையான்சாவடியில் நின்றால், வரிசையாகப் போகும் கல்லூரிப் பேருந்துகளின் நிறத்தை வைத்தே பெயரைச் சொல்லிவிடக்கூடிய நிலை அப்போது உருவானதுதான்.

பிரேக்குக்குத் தரம் பார்க்க ஆள் இருந்தார். இந்தக் கல்லூரிகளுக்கு யார் பார்த்தார்கள்?

முதலில் பார்த்தது பல்கலைக்கழகம். 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் பாடம் நடத்திய இடம் அல்ல, தேர்வு நடத்திய இடம். கல்லூரிகள் கற்பிக்கும், பல்கலைக்கழகம் பரீட்சை வைக்கும். கல்லூரிக்குள் என்ன நடக்கிறது என்று நேரில் போய்ப் பார்க்கும் உரிமையை உறுதியாக்கியது கர்சன் காலத்து 1904 பல்கலைக்கழகச் சட்டம். இணைப்புக் கேட்கிற கல்லூரியில் தகுதியான ஆசிரியர்கள் இருக்கிறார்களா, கட்டடம் எப்படி, நூலகம் எப்படி, ஆய்வகம் எப்படி, நிதி நிலைக்குமா என்று பார்க்கச் சொன்னது அந்தச் சட்டம். நூற்றிருபது ஆண்டுகள் கழித்து இன்று ஓர் ஆய்வுக் குழு கையில் எடுத்துக்கொண்டு போகிற படிவத்தைப் பார்த்தால், அதே கேள்விகள் கொஞ்சம் உடை மாற்றிக்கொண்டு நிற்பது தெரியும்.

அந்த முறை சின்ன உலகத்தில் ஓரளவு வேலை செய்தது. ஆவடி சத்தியமூர்த்தி நகரில் 1957-ல் தொடங்கிய முருகப்பா பாலிடெக்னிக்கின் டிப்ளமோ மாணவர்களுக்கு எதிரிலேயே தொழிற்சாலைகள் இருந்தன. தேர்வும் சான்றிதழும் அரசின் கையில். பட்டாபிராமில் 1969-ல் வந்த இந்துக் கல்லூரி ஊருக்குள் எவ்வளவு ஊன்றியது என்பதற்கு, ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில் ‘இந்து கல்லூரி’ என்ற பெயரிலேயே நிற்கும் ரயில் நிலையம் போதும். எண்ணக்கூடிய அளவில் கல்லூரிகள், பெரும்பாலும் அரசு உதவி பெறுபவை. இன்ஸ்பெக்‌ஷன் கமிஷனில் வருகிற பேராசிரியருக்கும் கல்லூரி முதல்வருக்கும் ஒருவரையொருவர் தெரியும். குறை இருந்தால் காதோடு சொல்லித் திருத்தும் வழக்கம் இருந்தது.

1984 அந்த உலகத்தை உடைத்தது. அதுவரை தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் ஒரு டஜனைச் சுற்றித்தான். இடம் கிடைக்காத பிள்ளைகள் கர்நாடகத்துக்குப் போய் நன்கொடை கட்டிச் சேர்ந்தார்கள். தமிழ்நாட்டுக் காசு மணிப்பாலுக்கும் பெங்களூருக்கும் போய்க்கொண்டிருந்தது. எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தது. அரசு காசு தராது, ஆனால் நடத்த அனுமதி தரும். அறக்கட்டளைகள் வந்தன. அரிசி, கட்டுமானம், அரசியல், பள்ளிக்கூடம் என்று பல தொழிலிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இதில் வெறும் வியாபாரத்தை மட்டும் காண்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நெற்குன்றத்து ஆட்டோ ஓட்டுநரின் மகளும் திருவள்ளூர் விவசாயியின் மகனும் வீட்டிலிருந்து பஸ் ஏறிப்போய் பொறியாளராகத் திரும்பும் வழி அப்படித்தான் உண்டானது. நன்கொடை பெருகி, அதைத் தடுக்க 1992-ல் தனிச் சட்டமே போட வேண்டிவந்ததும் அதே கதையின் மறுபாதி.

தமிழ்நாடு 1984-ல் செய்ததைக் கிழக்கு ஐரோப்பா 1989-க்குப் பிறகு செய்தது என்பது வேடிக்கையான ஒற்றுமை. பெர்லின் சுவர் விழுந்ததும் ருமேனியாவிலும் போலந்திலும் ஹங்கேரியிலும் தனியார் கல்லூரிகள் மளமளவென்று கிளம்பின. அரசிடம் பணம் இல்லை, படிக்கக் கூட்டம் இருந்தது. பின்னாலேயே எல்லா நாடுகளும் ஒரே மருந்தைத் தேடி ஓடின. ஹங்கேரி 1993-ல் அங்கீகாரக் குழு அமைத்தது; ருமேனியாவும் அதே ஆண்டு சட்டம் போட்டது; போலந்து 2002 வரை காத்திருந்தது. இந்தியாவில் தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழுவான நாக் பெங்களூரில் பிறந்தது 1994-ல். பொறியியல் படிப்புகளை மதிப்பிடும் என்பிஏவும் அதே 1994-ல். தர ஆய்வை முதலில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்த நாடு அரிது. கதவைத் திறந்து கூட்டம் உள்ளே போன பிறகே எல்லோரும் பூட்டு செய்யப் போனார்கள்.

பூட்டைச் செய்தாலும் சாவி யாரிடம் என்ற சண்டை தமிழ்நாட்டில்தான் முற்றியது. 1945-லிருந்து ஆலோசனை சொல்லும் அமைப்பாக மட்டுமே இருந்த அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇக்கு 1987-ல் நாடாளுமன்றம் சட்டப்பூர்வ அதிகாரம் கொடுத்தது. அதே ஆண்டு ஓசூரில் தொடங்கிய அதியமான் பொறியியல் கல்லூரி, நிபந்தனைகளை நிறைவேற்றவில்லை என்று சொல்லி மாநில அரசு அனுமதியைப் பறிக்க முனைந்தது. சென்னைப் பல்கலைக்கழகமும் இணைப்பில் கை வைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1995 மார்ச்சில் தீர்ப்பானது: தொழில்நுட்பக் கல்வியில் தர நிர்ணயம் மத்தியச் சட்டத்தின் பொறுப்பு, அதற்கு முரணாக மாநிலமோ பல்கலைக்கழகமோ தனி நிபந்தனை வைத்து இழுத்து மூட முடியாது. அன்றிலிருந்து ஒரு கல்லூரி திறக்க டெல்லியின் ஒப்புதல், பாடத்துக்கும் பரீட்சைக்கும் பல்கலைக்கழகத்தின் இணைப்பு, மாணவர் சேர்க்கைக்கு மாநிலத்தின் கலந்தாய்வு என்று மூன்று எஜமானர்கள். 2001-ல் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. 2007-ல் அந்தப் பல்கலைக்கழகம் பிரிக்கப்பட்டு, 2012-ல் மறுபடி ஒட்டப்பட்டது. மூவர் பார்த்தால் கூடுதல் கவனம் கிடைக்கும் என்றுதான் தோன்றும். நடைமுறையில் ‘அவர் பார்த்திருப்பார்’ என்று மூவருமே நினைத்துக்கொள்ள இடம் கிடைத்தது.

இன்ஸ்பெக்‌ஷன் என்பது இந்தச் சாலைகளில் ஒரு திருவிழா. சுவருக்கு வெள்ளையடிப்பு, புல்வெளிக்குத் தண்ணீர், கோப்புகளுக்குப் புது ஸ்பைரல் பைண்டிங், ஆசிரியைகளுக்கு ஒரே நிறத்தில் புடவை. உண்மையான குழு வருவதற்கு முன் ‘மாக் விசிட்’ என்று ஓர் ஒத்திகை. ஒரே இயந்திரம் இரண்டு கல்லூரி ஆய்வகங்களில் அடுத்தடுத்த நாளில் எண்ணப்பட்டது என்றும், நூலகப் புத்தகங்கள் இரவில் வேன் ஏறின என்றும் இந்தத் துறையில் கதை கதையாகச் சொல்வார்கள். கதைகளில் பாதியைத் தள்ளிவிட்டாலும் அவை ஏன் பிறந்தன என்பது விளங்கும். குழு பார்த்தது எல்லாம் உள்ளே போகும் பொருட்களை: ஏக்கர், சதுர அடி, கணினி, புத்தகம், ஆசிரியர் தலைக்கணக்கு. ஒரே நாளில் எண்ணி முடிக்கக்கூடியவை இவைதான். நாலு வருஷம் கழித்து வெளியே வருகிற பையனுக்கு ஒரு பம்ப்பின் படத்தைப் படிக்கத் தெரியுமா என்று எண்ண அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

பாடியில் வேலை செய்த முறைக்கு இது நேர் எதிர். அங்கே சரக்கை வாங்குபவர் திருப்பி அனுப்பலாம். கல்லூரியில் காசு கட்டிய பெற்றோருக்கு விஷயம் தெரியவே நாலு வருஷம் ஆகிவிடும். திருப்பி அனுப்ப எதுவும் இல்லை. பாவம், மாணவர்கள் இதையும் பாடமாகப் படித்தார்கள். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் முழுத்தர மேலாண்மை ஒரு தாள். அந்தப் பரிசுக்குப் பெயர் தந்த டெமிங்கின் 14 கொள்கைகள் அதில் பதினாறு மதிப்பெண் கேள்வியாக வந்த பகுதி. தரத்துக்காகக் கடைசி நேரச் சோதனையை நம்பியிருப்பதை விட்டுவிட வேண்டும் என்பது அவற்றில் மூன்றாவது. அதை மனப்பாடம் செய்து எழுதிய மாணவர்கள் இருந்த கட்டடத்துக்கு அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன் வந்திருக்கும்.

இதே காலத்தில் கல்லூரி வாசல் வளைவுகளில் ‘ஐஎஸ்ஓ 9001 சான்று பெற்றது’ என்ற பலகைகளும் ஏறின. பாடிக்குப் பொருந்திய சட்டையைப் பூந்தமல்லியும் போட்டுப் பார்த்தது. ஆனால் ஐஎஸ்ஓ சொல்வது, எழுதிவைத்த நடைமுறைப்படி வேலை நடக்கிறதா என்பதை மட்டும்; நடைமுறையே நல்லதா என்பது அதன் கேள்வி இல்லை.

பிறகு எல்லாவற்றையும் தாண்டிக் குதிக்க ஒரு வழி கிடைத்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம். 1956-ன் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டத்தில் மூன்றாவது பிரிவு, இந்திய அறிவியல் கழகம் போன்ற அரிய நிறுவனங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. 2000-க்குப் பிறகு அந்தப் பிரிவு நெடுஞ்சாலையோரக் கல்லூரிகளுக்கும் திறந்துகொண்டது. மதுரவாயலின் எம்ஜிஆர் கல்லூரி 2003-லும், சவீதா 2005-லும், ஆவடியின் வேல்டெக்கும் செயின்ட் பீட்டர்ஸும் 2008-லும் அந்த அந்தஸ்தைப் பெற்றன. பாடம், பரீட்சை, பட்டம் மூன்றும் இனித் தங்கள் கையில். அண்ணா பல்கலைக்கழகத்தின் குழுவும் இல்லை, கலந்தாய்வும் இல்லை.

2009-ல் காற்று திசை மாறியது. உயர்கல்வியைச் சீரமைக்க அமைந்த யஷ்பால் குழு, நிகர்நிலை அந்தஸ்து தாராளமாக வழங்கப்பட்டதைக் கடுமையாகச் சாடியது. ஜூலையில் ஏஐசிடிஇயின் உயர் அதிகாரி ஒருவரையே லஞ்ச வழக்கில் சிபிஐ கைதுசெய்தது. பி.என். டாண்டன் தலைமையிலான குழு நாட்டின் 126 நிகர்நிலை நிறுவனங்களை எடைபோட்டு மூன்றாகப் பிரித்தது: 38 தகுதியானவை, 44-க்கு மூன்று ஆண்டு அவகாசம், மீதி 44 அந்த அந்தஸ்துக்கே லாயக்கற்றவை. 2010 ஜனவரியில் மத்திய அரசு அந்தப் பட்டியலை உச்ச நீதிமன்றத்தில் கொடுத்தபோது தமிழ்நாடு ஆடிப்போனது. 44-ல் 16 இங்கே. மேற்குச் சென்னைச் சாலைகளில் இருந்தவையும் அதில் அடக்கம். பொங்கல் முடிந்து விடுதிக்குத் திரும்பிய மாணவர்களுக்குத் தங்கள் பட்டம் செல்லுமா என்றே தெரியாத நிலை. அதே மாதம் உச்ச நீதிமன்றம் இருக்கும் நிலை நீடிக்கட்டும் என்று உத்தரவிட்டது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது; யுஜிசி மறுபடி குழுக்கள் அனுப்பியது; பெரும்பாலான நிறுவனங்கள் அந்தஸ்தைத் தக்கவைத்துக்கொண்டன. டாண்டன் குழு நிறுவனங்களை நேரில் போய்ப் பார்க்காமல் காகிதத்தையும் நேர்காணலையும் வைத்து முடிவெடுத்தது என்பது நிறுவனங்களின் முக்கிய வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் நேரில் போன குழுக்கள் அதற்கு முன் என்ன கிழித்தன என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு தீர்ப்பை ஒட்டி, 123 நிகர்நிலை நிறுவனங்கள் பெயரிலிருந்து ‘பல்கலைக்கழகம்’ என்ற சொல்லை எடுக்க வேண்டும் என்று யுஜிசி ஆணையிட்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பெயர்ப்பலகை எழுதுபவர்களுக்கு அந்த மாதம் நல்ல வேலை கிடைத்திருக்கும்.

உள்ளே போவதை விட்டு வெளியே வருவதை அளக்க வேண்டும் என்ற எண்ணம் இந்தியப் பொறியியலுக்கு வெளியிலிருந்துதான் வந்தது. 1989-ல் ஆறு நாடுகள் சேர்ந்து போட்ட வாஷிங்டன் உடன்படிக்கை, ஒருவர் நாட்டுப் பொறியியல் பட்டத்தை மற்றவர் ஏற்பதற்கானது. 2007-ல் தற்காலிக உறுப்பினரான இந்தியா, 2014 ஜூனில் முழு உறுப்பினர் ஆனது. அதற்காக என்பிஏ தன் அளவுகோலையே மாற்றியது: எத்தனை கணினி என்பதைவிட, பட்டதாரிக்கு என்னென்ன செய்யத் தெரியும் என்பது முக்கியம். பன்னிரண்டு திறன்கள் பட்டியலிடப்பட்டன. யோசனை உயர்ந்தது. பாடிக்காரர்கள் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்கள்.

ஆனால் ஆவடியின் ஆசிரியர் அறையில் அது எக்செல் தாளாக இறங்கியது. ஒவ்வொரு தேர்வுக் கேள்விக்கும், பாடத்தின் கற்றல் விளைவைக் குறிக்கும் ஒரு சிஓ எண். ஒவ்வொரு சிஓவும், பிஓ எனப்படும் அந்தப் பன்னிரண்டு திறன்களில் எதனுடன் எவ்வளவு பொருந்துகிறது என்று 1, 2, 3. வகுப்பின் மதிப்பெண்ணை உள்ளே போட்டால் ‘அட்டெயின்மென்ட்’ 2.4 என்று வெளியே வரும். அந்த 2.4-ஐ வைத்து மறுநாள் வகுப்பில் யாரும் எதையும் மாற்றுவதில்லை. உதவிப் பேராசிரியர்கள் பாடத்துக்குத் தயாராகும் இரவுகள் ‘கிரைட்டீரியன் 3’ கோப்புக்குப் போயின. இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. வாஷிங்டன் உடன்படிக்கையின் பயன் தன்னாட்சி உள்ள கல்லூரிகளின் படிப்புக்கு மட்டுமே. பல்கலைக்கழகத்தின் பரீட்சையை எழுதும் சாதாரண இணைப்புக் கல்லூரிகள் இரண்டாம் அடுக்கு. கடந்த சில ஆண்டுகளில் இந்தச் சாலைகளின் கல்லூரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தன்னாட்சிக்கு ஓடியதில் இதற்கும் பங்கு இருக்கும். தன்னாட்சி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல, 1978-லேயே லயோலாவும் கிறித்துவக் கல்லூரியும் வாங்கியதுதான். ஆனால் பழைய கல்லூரிக்கு அது நெடுங்கால நம்பிக்கையின் பேரில் கிடைத்தது. சுயநிதிக் கல்லூரி தன் கேள்வித்தாளைத் தானே எழுதித் தானே திருத்தும்போது, இணைப்பு முறையில் உருப்படியாக இருந்த ஒரே வெளிக் கண்காணிப்பும் போய்விடுகிறது.

அந்த வெளிக் கண்காணிப்பின் லட்சணத்தையும் 2024 ஜூலை காட்டிக்கொடுத்தது. ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளில் முழுநேரம் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருப்பதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அண்ணா பல்கலைக்கழகத்தின் தரவுகளைக் கொண்டே அம்பலப்படுத்தியது. 353 பேர், 224 கல்லூரிகள் என்றது அவர்களின் பட்டியல். துணைவேந்தராக இருந்த ஆர். வேல்ராஜ் மறுநாளே முறைகேட்டை ஒப்புக்கொண்டு, 189 பேர் சுமார் 2,000 பணியிடங்களில் காட்டப்பட்டிருப்பதாகச் சொன்னார். 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்த விதியை ஏஐசிடிஇ 2018-ல் 20-க்கு ஒருவர் என்று தளர்த்திய பிறகும் இந்த நிலை. இன்ஸ்பெக்‌ஷன் போனவர்கள் கண்டுபிடிக்காததை, வீட்டில் உட்கார்ந்து பட்டியலை ஒப்பிட்டவர்கள் கண்டுபிடித்தார்கள்.

நாக்கின் கதையும் அவ்வளவு சுகமில்லை. நட்சத்திரம், ஒன்பது படி, நாலு எழுத்து, மறுபடி ஏழு படி என்று அது தன் கிரேடு முறையை மாற்றிக்கொண்டே வந்தது. அதன் செயற்குழுத் தலைவர் பூஷண் பட்வர்தன், தகுதியில்லாத கிரேடுகள் வழங்கப்படுவதைப் பற்றி எழுதிவிட்டு 2023 மார்ச்சில் விலகினார். 2025 பிப்ரவரியில், ஆந்திர நிறுவனம் ஒன்றுக்கு ஏ++ கொடுப்பதற்காக லஞ்சம் கைமாறியதாகச் சொல்லி ஆய்வுக் குழுத் தலைவர் உட்படப் பத்துப் பேரை சிபிஐ கைதுசெய்தது. மதிப்பிடும் அமைப்புக்குக் கட்டணம் கட்டுவது மதிப்பிடப்படுகிற கல்லூரிதான். டாங்கித் தொழிற்சாலையின் ஆய்வாளர்களைத் தனியாக வைத்தவர்களுக்குப் புரிந்த சூட்சுமம், கல்வி அமைச்சகத்துக்கு ஏன் எட்டவில்லை என்பது ஆச்சரியம். கிரேடே வேண்டாம், அங்கீகாரம் உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே பதில் போதும் என்பது கே. ராதாகிருஷ்ணன் குழுவின் பரிந்துரை.

இத்தனைக்கும் நடுவில் பெற்றோர் தங்களுக்கென ஓர் அளவுகோலைச் செய்துகொண்டுவிட்டார்கள். நாக் கிரேடு பேருந்தின் முதுகில் எழுதியிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. கல்லூரியின் கலந்தாய்வு எண்ணைப் போட்டு, போன வருஷம் எந்த கட்ஆஃபில் கடைசி இடம் போனது என்று பார்க்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விழுக்காட்டைப் பார்க்கிறார்கள். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு எந்தக் கம்பெனி வந்தது என்று அங்கே படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேட்கிறார்கள். ஐநூறைத் தாண்டிப் போயிருந்த தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை பிறகு அதற்குக் கீழே இறங்கிவிட்டது. இந்தக் குறைப்பில் பெரும்பகுதியைச் செய்தது எந்த ஆய்வுக் குழுவும் அல்ல, காலியாகக் கிடந்த இடங்கள்.

அந்த அளவுகோலுக்கும் ஒரு கோணல் உண்டு. ஒரு பிரிவில் இத்தனை மாணவர்தான் என்ற உச்சவரம்பை 2024-ல் ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. நன்றாக விலைபோகும் கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸில் செக்‌ஷன் மேல் செக்‌ஷனாகச் சேர்க்கின்றன. மெக்கானிக்கலிலும் சிவிலிலும் இடங்கள் காலியாகின்றன. அம்பத்தூர் பேட்டைப் பட்டறைகள் சிஎன்சி ஓட்டத் தெரிந்த ஆளைத் தேடி பாலிடெக்னிக் வாசலில் நிற்கின்றன.